அக்கா பக்கத்து இடம்

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தபோது, என் அக்காவின் பக்கத்து இடத்திலிருந்து என்னை எழுப்பிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் உட்கார்ந்து வந்த இடம் அது.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். காது கேட்காத பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, எனக்கு ஐந்து வயதானதும் இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்த்தாள். அன்று தலைமையாசிரியரிடம் அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை.

"சின்னவ கூடவே இருப்பா சார். அவ வாய்க்கும் சேத்து இவளே பேசிக்குவா."

அப்படியேதான் பேசினேன். எங்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு கைப்பேச்சு இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, வளர வளரத் தானாக வந்தது. நெற்றியில் விரலால் ஒரு கோடு இழுத்தால் நைனா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் அவருக்கு வேலை. தலைக்கவசம் அழுத்தி நெற்றியில் ஒரு தடம் எப்போதும் இருக்கும். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. உள்ளங்கையை முகத்தில் தேய்த்தால் ஆலைக்கரி பறக்கிறது, கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அம்மாவுக்கு இதில் பாதி தெரியும். நைனாவுக்கு அதிலும் பாதி. முழுதாகத் தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்.

அதனால் அக்காவிடம் யாருக்கு என்ன வேண்டுமானாலும் என்னிடம்தான் கேட்டாக வேண்டும். கடைக்காரர், பேருந்து நடத்துநர், கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள், பள்ளியில் ஆசிரியர்கள், எல்லோரும் அக்காவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். "இன்னா வேணுமாம் அவளுக்கு?" நான் அக்காவைக் கேட்டுச் சொல்வேன். பல நேரம் கேட்காமலே சொல்வேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் என்னைப் பற்றி நல்ல பேர். "இந்த வயசுல இன்னா பொறுப்பு பாரு" என்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு ஒரு சிறப்பாசிரியரை அனுப்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும் வருவார். திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் வீடு. பேருந்து மாறி மாறி வந்து சேரும்போது முதல் மணி அடித்திருக்கும். நாங்கள் அவரை ஸ்பெஷல் மிஸ் என்று கூப்பிட்டோம். பள்ளியில் அவர் பொறுப்பில் சில பிள்ளைகள் இருந்தார்கள். காலில் இரும்புக் கம்பி மாட்டி நடக்கும் பெண், புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்கும் பெண், என் அக்கா. அப்புறம், ஒன்பதாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படிக்கும் ஒருத்தி.

அவளுக்குக் காது கேட்கும், கண் தெரியும், வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் எழுத்து மட்டும் அவளிடம் நிற்காது. 'பழம்' என்று எழுதியிருந்தால் பார்த்து, யோசித்து, வேர்த்து, 'படம்' என்பாள். ஆசிரியர்கள் அவளை மக்கு என்று ஒதுக்கிவிட்டிருந்தார்கள். அவர்கள் பழவேற்காட்டுக் குடும்பம். கும்மிடிப்பூண்டி பஜாரில் அவள் வாப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையலும் ரிப்பனும் பொட்டும் தொங்கும் அந்தக் கடையை வைத்து, அவளை நாங்கள் ஃபேன்சி ஸ்டோர் என்றே சொல்வோம்.

ஸ்பெஷல் மிஸ் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தை முழுக்கக் கவனித்தார். மணி அடித்ததும் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா டீச்சர் முகத்தப் பாக்கவே இல்லியே. உன்னத்தான் பாத்துக்கினு இருந்தா."

"நான்தானே மிஸ் அவளுக்குச் சொல்லணும்."

"சரி. இந்தப் பீரியடு பூரா டீச்சர் பேசுனாங்க. நீ அவளுக்கு இன்னா சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். கிரீடம் வைப்பது போல ஒரு சைகை, கத்தி வீசுவது போல ஒன்று, கையைக் கவிழ்த்து ஒன்று. "ராஜா. சண்டை. தோத்துட்டாரு."

மிஸ் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீயும் பாடத்தக் கேக்கணும்ல? அவளுக்குச் சொல்லிக்கினே இருந்தா நீ எப்பக் கேப்ப? அவ முன்னாடி வந்து உக்காரட்டும். டீச்சர் வாயப் பாத்தே பாதி புரிஞ்சிக்க முடியும் அவளால. நீ நிம்மதியாப் படி."

என் நல்லதுக்காகத்தான் சொன்னார். என் காதில் அது விழுந்த விதம் வேறு. வேலையை விட்டு நின்றுகொள் என்று சொன்னது போல இருந்தது.

"அப்ப அவ பக்கத்துல யாரு மிஸ்?"

அவர் ஃபேன்சி ஸ்டோரைக் காட்டினார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவள் என் அக்காவுக்கு என்ன செய்துவிடுவாள்? ஆனால் மிஸ் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தார். அக்காவுக்குக் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதுவாள். கேட்கத்தான் முடியாது. மற்றவளுக்குக் கேட்டது எல்லாம் மனசில் ஒட்டிக்கொள்ளும், படிக்கத்தான் வராது. காது அவளுடையது, எழுத்து இவளுடையது. இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து, மதிய இடைவேளையில் ஆய்வகத்தின் சாமான் அறைக்குக் கூட்டிப்போய், முறையான சைகை மொழியும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

எனக்குக் காதும் இருந்தது, எழுத்தும் வந்தது. அதனால் நான் யாருக்கும் தேவைப்படவில்லை.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அவர்களின் முதுகுகள்தான் தெரியும். இரண்டு முதுகு, நான்கு பின்னல், இடையில் ஓயாமல் அசையும் கைகள். நான் பாடத்தைக் கவனித்ததைவிட அந்தக் கைகளைத்தான் கவனித்தேன். ஃபேன்சி ஸ்டோர் பிறவி நடிகை. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள், இருமிக் காட்டுவாள். அந்தக் குணம் சைகைக்குள் போனதும் என்ன ஆகும்? நான் இத்தனை வருடம் சொன்ன ராஜாவும் சண்டையும் கூரையில் ஒழுகும் சொட்டு மாதிரி. அவள் சொன்னது கொட்டும் மழை.

ஒருநாள் அறிவியல் வகுப்பில் செரிமான மண்டலம் நடந்தது. ஆசிரியை சொல்லச் சொல்ல, மேசைக்குக் கீழே அவள் ஒரு இட்லியை வாயில் போட்டு, அதைத் தொண்டை வழியாக இறக்கி, வயிற்றில் அம்மிக்கல்லாக அரைத்து, வளைந்து வளைந்து குடலில் ஓட்டிக்கொண்டிருந்தாள். இட்லியின் முகபாவமும் அவளே செய்தாள். அக்காவின் தோள் குலுங்கியது. காது கேட்காதவர்களின் சிரிப்புக்கு அடக்கம் தெரியாது. அந்த ஓசை வகுப்பு முழுக்கக் கேட்டது.

ஆசிரியை திரும்பினார். "இன்னா சிரிப்பு அங்க? எழுந்திரு."

ஃபேன்சி ஸ்டோர் எழுந்தாள்.

"நான் இவ்வளவு நேரம் நடத்துனதச் சொல்லு பாப்போம்."

நான் கையைத் தூக்கினேன். எனக்கு விடை தெரியும். ஆனால் அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வாயில் தொடங்கி, எச்சில், உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல் என்று ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாள். அந்தப் பள்ளியில் அதுவரை எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாதவள். ஆசிரியை அவளை உட்காரச் சொன்னார். பிறகு சாக்பீஸை அக்காவிடம் நீட்டினார். அக்கா கரும்பலகைக்குப் போய்ப் படம் வரைந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதினாள். ஒரு பிழை இல்லை. வகுப்பு கைதட்டியது. அக்காவுக்கு அது கேட்காது என்பதால் ஃபேன்சி ஸ்டோர் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டிக் காட்டினாள். உடனே மற்றவர்களும் அப்படியே கைகளை உயர்த்தி ஆட்டினார்கள்.

தூக்கிய என் கையும் மேலேதான் இருந்தது. அதுவும் கைதட்டல் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வீட்டிலும் அது தொடர்ந்தது. ஒரு மாலை அக்கா பள்ளியிலிருந்து வந்து பையை வைத்ததும் அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். விரல்கள் சேர்ந்தன, பிரிந்தன, மணிக்கட்டு திரும்பியது. எங்கள் கைப்பேச்சில் இல்லாத சொற்கள்.

அம்மா பழக்கப்படி என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி சொல்றா?"

"தெரியல."

"உனுக்கே தெர்லயா?"

அக்கா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியில் கிழித்துப்போட வேண்டிய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா நாலாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்: 'வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தாங்கள் அவசியம் வர வேண்டும்.'

அக்கா யாரும் பேசிக் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் புத்தகத் தமிழ்தான். அதுவரை பலகையைப் பார்த்து எழுதுவாளே தவிர, தன் மனசில் இருப்பதை எழுதலாம் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. நான்தான் இருந்தேனே.

அம்மா அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தாள். "என்னப் போயி தாங்கள்னு எழுதிக்கீறா பாரு" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நைனா வேலை முடிந்து வந்ததும் அவரிடம் காட்டினாள், பக்கத்து வீட்டில் காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாள்காட்டித் தாள்கள் குப்பைக்குப் போகவில்லை. நைனா வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று வரும்: 'மாலையில் எனக்கு நீல மை வாங்கி வருக.' நைனா சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். நான் பேசினால் பாதி நேரம் அவருக்குக் காதில் விழாது. ஆலை இரைச்சலில் அவர் காதும் கொஞ்சம் மந்தமாகியிருந்தது. அக்காவின் சீட்டை மட்டும் நின்று படிப்பார்.

ரம்ஜானுக்கு ஃபேன்சி ஸ்டோர் குடும்பம் பழவேற்காட்டுக்குப் போவது வழக்கம். அந்த வருடம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, பெருநாளைக்கு உங்க பெரிய பொண்ண எங்க ஊருக்கு அனுப்புங்க. உம்மா கூட்டியாரச் சொல்லிச்சு."

"தனியா எப்டிம்மா அனுப்பறது? பஸ்ல போவணும், வரணும். சின்னவ கூட வந்தான்னா அனுப்பறேன்."

"அதுக்கின்னா, வரட்டும்" என்றாள் அவள்.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அந்த 'வரட்டும்' எனக்குள் முள்ளாகத் தங்கியது. என் அக்காவோடு நான் போக இவளுடைய அனுமதி வேண்டியிருந்தது.

பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காட்டுப் பேருந்து ஏறினோம். அவள் உம்மா வாசலிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாவும் நாலைந்து சைகை பழகி வைத்திருந்தார். வா, உட்கார், சாப்பிடு, அழகாக இருக்கிறாய். மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. வேற்று வீட்டில் ஒரு பெரியவர் அவளைப் பார்த்து நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"தங்கச்சி உம்மா" என்று ஃபேன்சி ஸ்டோர் சொன்னாள்.

"அட, தங்கச்சியா. உள்ள வா."

எங்கே போனாலும் நான் நான்தான், அக்காதான் 'இவளோட அக்கா'. அந்த வீட்டில் அது தலைகீழாக இருந்தது.

பிரியாணி நன்றாகவே இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிட்ட பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். ஃபேன்சி ஸ்டோரின் மாமா படகை எடுத்துக்கொண்டு வீட்டுக் குழந்தைகளைச் சுற்றிக்காட்டப் புறப்பட்டார். எனக்குத் தண்ணீர் என்றால் பயம், ஏறவில்லை. படகு ஏறினால் அவளுக்குக் குமட்டும், அவளும் ஏறவில்லை. அக்கா மட்டும் துள்ளி ஏறிக் குழந்தைகளோடு உட்கார்ந்துகொண்டாள். படகு போகப் போக அவள் தாவணி சின்னதாகிக்கொண்டே வந்தது.

"அக்கா" என்று கத்தினேன். காது கேட்காதவளைக் கத்திக் கூப்பிடும் புத்தி எனக்கு ஏன் வந்ததோ. காற்று என் குரலைக் கரையைத் தாண்டவிடவில்லை. கேட்கிறவர்களுக்கே கேட்டிருக்காது.

அப்போது படகில் அக்கா எழுந்து நின்று கைகளை உயர்த்திப் பேச ஆரம்பித்தாள். என் பக்கத்தில் நின்றவள் இங்கிருந்து பதில் சொன்னாள். அவ்வளவு தண்ணீருக்கு அப்பாலிருந்து இவள் கேட்க, அவள் சொல்ல, இவள் சிரிக்க. ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். "இன்னா சொல்றா?"

"உன்னப் பத்திதான்."

"என்னப் பத்தி இன்னா?"

"உன் மூஞ்சியப் பாரு, பச்ச மொளகாயக் கடிச்சா மாதிரி கீதாம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள், "நீயும் கத்துக்கயேன். ஸ்பெஷல் மிஸ் வேணான்னா நான் சொல்லித் தரேன்" என்றாள்.

"எங்க அக்காகூடப் பேச நீ எனக்குச் சொல்லித் தரணுமா?"

அவள் முகம் வாடியது. அதற்குப் பிறகு படகு திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெருநாள் விடுமுறைக்கு ஃபேன்சி ஸ்டோர் அங்கேயே தங்கிவிட்டதால் திரும்பும் பேருந்தில் அக்காவும் நானும் மட்டும். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தலை பாரமாக இருந்தது, தோள் மரத்துப்போனது. பொன்னேரி வரும்வரை நான் அசையவே இல்லை.

பத்தாம் வகுப்பில் ஸ்பெஷல் மிஸ் இருவருக்காகவும் அலைந்தார். சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சான்றிதழ் வாங்கினார், கல்வி அலுவலகத்துக்கு நடந்தார். அக்காவுக்கு ஆங்கிலத் தாள் எழுத வேண்டாம் என்று விலக்கு வந்தது. ஃபேன்சி ஸ்டோருக்கும் அதே விலக்கு, கூடவே அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆசிரியையும் கூடுதல் நேரமும் கிடைத்தன. நியாயம்தான் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில்தான் நான் வீக். ஆங்கிலப் பரீட்சை அன்று காலை நான் விளக்கைப் போட்டுக்கொண்டு மனப்பாடம் செய்தபோது, வெளிச்சம் கண்ணில் படாமல் அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் போர்வையை உருவி எறிய வேண்டும் போல இருந்தது.

பரீட்சை முடிந்து வெளியே வந்தால், பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் துணையாக வந்தார்களாம். இருவர் மடியிலும் வேர்க்கடலைத் தொலி குவிந்து கிடந்தது. எப்படி எழுதினாய் என்று அக்கா கேட்டாள். நான் உள்ளங்கையை முகத்தில் தேய்த்துக் காட்டினேன். கரி பறக்கிறது. எங்கள் பழைய கைப்பேச்சு. அக்காவுக்கு மட்டும் புரிந்து அவள் சிரித்தாள். மற்றவள் "இன்னா, இன்னா" என்று இரண்டு பேரையும் பார்த்தாள். நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான்.

முடிவு வந்தது. மூன்று பேரும் தேறினோம். நான் பள்ளியில் முதல் சிலரில் ஒருத்தி. ஆங்கிலம்கூட மோசமில்லை. அக்கா நடுத்தரம். ஃபேன்சி ஸ்டோர் எல்லாப் பாடத்திலும் மயிரிழையில் தப்பித்தாள்.

நைனா இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு ஆலை வாசலில் நின்று வேலை முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். "என் பெரிய பொண்ணு பாஸு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம். எங்களோடு படித்த ஒருத்தியின் அப்பா அங்கே வேலை செய்தார், அவர் வழியாக எனக்குச் சேதி வந்தது. மீதிப் பெட்டியோடு நைனா வீட்டுக்கு வந்தபோது அக்கம்பக்கத்தவர்கள் கூடியிருந்தார்கள். அவர் முதல் லட்டை எடுத்து அக்கா வாயில் வைத்தார். பிறகு அம்மாவுக்கு. என் பக்கம் பெட்டியை நீட்டினார்.

"நானும் பாஸு நைனா" என்றேன்.

"அது தெரிஞ்சதுதானே கண்ணு. நீ பாஸாவாம யாரு ஆவப் போறாங்க?"

பாராட்டாகத்தான் சொன்னார். நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாப்பிட முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் முகம் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே போனாள். ஒரு தாளோடு வந்து கூட்டத்துக்கு நடுவில் நைனாவின் மார்பில் தட்டி அதை நீட்டினாள்.

நைனா எல்லோருக்கும் கேட்கப் படித்தார். "'தங்கையின் மதிப்பெண் என்னுடையதைவிட மிக அதிகம். முதல் இனிப்பு அவளுக்கு உரியது.'"

எல்லோரும் சிரித்தார்கள். "அட, ஆமால்ல" என்று நைனா தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு லட்டை எடுத்து எனக்கு ஊட்ட வந்தார். நான் வாயைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? அவள் வாய்க்கும் சேர்த்து நான் பேசுவேன் என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்த பிள்ளைகள் நாங்கள். இப்போது எனக்காக அவள் பேச வேண்டியதாகிவிட்டது. நன்றியாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த பொறாமைக்கு அளவே இல்லை. மதிப்பெண் என்னிடம் இருந்தது. பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஸ்பெஷல் மிஸ் சொல்லி அக்கா சென்னையில் காது கேளாதோருக்கான மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து விடுதியில் தங்கினாள். ஃபேன்சி ஸ்டோர் படித்தது போதும் என்று கடையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பழைய பள்ளியிலேயே பதினொன்றில் சேர்ந்தேன். பக்கத்து இடம் காலியாக இல்லை. யாரோ உட்கார்ந்திருந்தார்கள், யார் என்றுகூட இப்போது நினைவில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் விடுமுறைக்கு அக்கா விடுதித் தோழிகள் மூவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த சேதி தெரிந்ததும் ஃபேன்சி ஸ்டோர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு பை நிறையக் கண்ணாடி வளையலோடு ஓடிவந்தாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்தாள், தோழிகளுக்கு அறிமுகம் செய்தாள், வளையல்களை எல்லோரும் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அக்காவும் தோழிகளுமாக நால்வரும் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் ஃபேன்சி ஸ்டோர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"இன்னா பேசிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"தெர்ல."

"உனக்கே தெர்லயா?"

"ரொம்ப வேகமாப் போவுது. நாம ஒண்ணு புரிஞ்சிக்கிறதுக்குள்ள அங்க நாலு போய்டுது. ஒரு தபா கேட்டேன். நிறுத்திச் சொன்னாங்க. அப்பறம் மறந்துட்டாங்க." டம்ளர்களை வரிசையாக வைத்தாள். "அவ என் பக்கமே திரும்பல."

அவள் முகத்தைப் பார்த்தேன். பச்சை மிளகாய் கடித்த முகம். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது.

"பேஜாரா கீது" என்றாள்.

"எனக்கு மூணு வருஷமா அப்டித்தான் கீது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவை என் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து டீ ஆற்றினோம். கூடத்தில் அந்தப் பெரிய சிரிப்பு கேட்டது, ஒன்றுக்கு நாலாக. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தோம், ஒரே நேரத்தில் தலையை இழுத்துக்கொண்டோம்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஃபேன்சி ஸ்டோரில் போய் உட்காரத் தொடங்கினேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவள் எனக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுப்பாள். என் கை பலகை மாதிரி இருக்கிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை என்று திட்டுவாள். பதிலுக்கு நான் கடைக்கு வரும் சரக்கின் பெயர்களை அவளுக்குப் படித்துச் சொல்வேன். அக்காவைப் பற்றி இருவரும் குறை பேசுவோம். விடுதிக்குப் போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்பாள் அவள். முன்பே இருந்தது, உனக்குத்தான் தெரியாது என்பேன் நான். அவளுக்குத் தெரியாத அக்காவைப் பற்றி என்னிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அடுத்த விடுமுறையில் அக்கா பேசியது எனக்குப் பாதி புரிந்தது. அதற்கடுத்ததில் முக்கால். நான் விரலைத் தப்பாக மடக்கினால் அக்கா புறங்கையில் அடிப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அங்கேயே தட்டச்சும் படித்து முடித்து, சென்னையில் கணினித் தட்டச்சு வேலையில் சேர்ந்ததும், முதல் காரியமாக அக்கா ஒரு செல்போன் வாங்கினாள். அதற்குள் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருந்தது. அதே புத்தகத் தமிழில், ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, குறுஞ்செய்தி அனுப்புவாள். அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தவள், கதவைச் சாத்திவிட்டு, தன்னோடு வேலை செய்யும் ஒருவரைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குச் சொன்னாள். அவருக்கும் காது கேட்காது. அரக்கோணம் பக்கம். அம்மாவிடமும் நைனாவிடமும் எப்படிச் சொல்வது என்று என்னிடம் யோசனை கேட்டாள். நான் பெரிய மனுஷி போல யோசனை சொன்னேன். அந்தச் சேதியை அவள் என்னிடம் கொண்டுவந்ததில் எனக்கு எத்தனை பெருமை என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன், "அரக்கோணத்துக்காரரப் பத்தி உன்கிட்ட சொன்னாளா?" என்றாள் அவள்.

"சொன்னா. உன்கிட்ட எப்ப சொன்னா?"

"உன்கிட்ட எப்ப?"

அதற்குள் ஒரு அம்மா வந்து பச்சை வளையல் கேட்டார். அவள் எடுத்துக் காட்டப் போய்விட்டாள். யாரிடம் முதலில் சொன்னாள் என்று அக்காவையே கேட்டுவிடலாம்தான். அவள் சொல்லிவிடுவாள், ஒளிக்கத் தெரியாதவள். இன்றுவரை நாங்கள் இருவரும் கேட்கவில்லை.